கார்டு சும்மா நிற்கிறது, படம் திக்குகிறது: விர்ச்சுவல் மெஷின் கேள்வி பதில்

கிராபிக்ஸ் கார்டை (ஜிபியு) அப்படியே விர்ச்சுவல் மெஷினுக்கு (விஎம், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) தாரைவார்க்கும் ‘ஜிபியு பாஸ்த்ரூ’வைச் செய்து முடித்தவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் இவை. வெளியே இருக்கும் நிஜக் கணினி ஹோஸ்ட், உள்ளே ஓடும் விஎம் கெஸ்ட். எல்லோருக்கும் கார்டு வேலை செய்கிறது. வேகம்தான் வரவில்லை. கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது, வேறு மாதிரி சொல்லாத இடங்களில், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரைசன் 7 3700எக்ஸ், 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060. உபுண்டுவில் லிப்வர்ட் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்து விண்டோஸ் 10 விஎம் ஓட்டுகிறேன். அதற்கு 8 விசிபியு (விஎம்முக்குக் காட்டப்படும் மெய்நிகர் ப்ராசஸர்), 16 ஜிபி ரேம் கொடுத்திருக்கிறேன். நேரடியாக விண்டோஸில் 110 எஃப்பிஎஸ் (விநாடிக்கு இத்தனை பிரேம்) தந்த அதே கேம் இங்கே 60-ஐத் தாண்டவில்லை. நடுநடுவே ஜெர்க் வேறு. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 50 சதவீதத்திலேயே நிற்கிறது. கார்டு முழுதாக விஎம்முக்குப் போகவில்லையா?

பதில்: முழுதாகத்தான் போயிருக்கிறது. நீங்கள் செய்திருக்கும் பாஸ்த்ரூவில் பாதிக் கார்டு என்ற பேச்சே இல்லை. கார்டு 50 சதவீதத்தில் நிற்கிறது என்றால் அதற்கு வேலை வந்து சேரவில்லை என்று பொருள். ஒவ்வொரு பிரேமுக்கும் வேலையைத் தயார்செய்து கார்டுக்கு அனுப்புவது ப்ராசஸர். சிக்கல் அந்தப் பக்கம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

உறுதி செய்துகொள்ள எதையும் நிறுவ வேண்டாம். அதே கேமை 4கே ரெசல்யூஷனில், எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு 720பி-யில், எல்லாவற்றையும் அடிமட்டத்தில் வைத்து ஒருமுறை. 4கே-யில் நேரடி விண்டோஸுக்கும் விஎம்முக்கும் வித்தியாசம் சில சதவீதம்தான் என்றால் கார்டு, ஸ்லாட், டிரைவர் மூன்றும் சுத்தம். 720பி-யில் மட்டும் பாதாளத்துக்குப் போனால் ப்ராசஸர் பக்கம்தான் கோளாறு. இரண்டிலும் அடி விழுந்தால் அடுத்த கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

ப்ராசஸர் பக்கம் என்ன நடக்கிறது? விஎம்முக்குள் இருக்கும் ஒவ்வொரு விசிபியுவும் ஹோஸ்டுக்கு வெறும் ஒரு திரெட்தான். உலாவியின் திரெட்டை எங்கே வேண்டுமானாலும் நகர்த்துவதுபோல இதையும் லினக்ஸ் இஷ்டத்துக்கு நகர்த்தும். உங்கள் 3700எக்ஸின் 8 கோர்களும் (ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) ஒரே கூட்டம் கிடையாது. நாலு நாலாக இரண்டு குழு, குழுவுக்கு 16 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்). ஒரு குழுவில் ஓடிக்கொண்டிருந்த விசிபியுவை மறு குழுவுக்குத் தள்ளினால் அது சூடாக வைத்திருந்த கேஷ் அங்கே இருக்காது. மறுபடி ரேம்வரை போய்வர வேண்டும். அந்தக் கணம் உங்கள் கண்ணுக்கு ஜெர்க்காகத் தெரிகிறது.

ஹோஸ்டில் ‘எல்எஸ்சிபியு -ஈ’ என்று தட்டுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு லாஜிக்கல் சிபியு. சிபியு 4-க்கு நேராக கோர் 4 என்று இருக்கும். கீழே சிபியு 12-க்கு நேராகவும் கோர் 4 என்றே இருக்கும். இவை இரண்டும் ஒரே கோரின் இரட்டைத் திரெட். கேஷ் என்ற நிரலில் புள்ளி புள்ளியாக வரும் எண்களில் கடைசி எண் எல்3 குழுவைச் சொல்லும். 0 முதல் 3, 8 முதல் 11 ஒரு குழு; 4 முதல் 7, 12 முதல் 15 இன்னொன்று. இரண்டாவது குழுவை அப்படியே விஎம்முக்கு எழுதிவைத்துவிடலாம்.

‘விர்ஷ் எடிட்’ கொடுத்து விஎம்மின் அமைப்புக் கோப்பைத் திறந்து, ‘சிபியுடியூன்’ பகுதியில் ‘விசிபியுபின்’ வரிகளை (எந்த விசிபியு எந்த சிபியுவில் ஓட வேண்டும் என்று கட்டிப்போடுபவை; இதைத்தான் ‘பின்’ செய்வது என்கிறோம்) இப்படிப் போடுங்கள்: விசிபியு 0 → 4, 1 → 12, 2 → 5, 3 → 13, 4 → 6, 5 → 14, 6 → 7, 7 → 15. ‘எமுலேட்டர்பின்’னை 0-3,8-11-க்குக் கொடுங்கள், விஎம்மை ஓட்டும் கியூஇஎம்யு-வின் உள்வேலைகள் கேம் ஓடும் கோர்களைத் தொந்தரவு செய்யாமல் இருக்கும்.

இங்கே பலர் சறுக்குவது வரிசையில்தான். 4, 5, 6, 7, 12, 13, 14, 15 என்று நேராக எழுதிவிட்டு, டோபாலஜியில் (சாக்கெட், கோர், திரெட் எத்தனை என்று விஎம்முக்குச் சொல்லும் வரி) கோருக்கு 2 திரெட் என்று போட்டுவிடுவார்கள். விசிபியு 0-மும் 1-மும் ஒரே கோர் என்று விண்டோஸ் நம்பும். உண்மையில் அவை தனித்தனிக் கோர்கள். தனிக் கோர்கள் என்று நம்பி அது இரண்டு கனமான வேலையை வைக்கும் இடமோ ஒரே கோரின் இரு திரெட்டாக இருக்கும். ‘பின்’ செய்தும் வேகம் வரவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சிபியு மோட் ‘ஹோஸ்ட்-பாஸ்த்ரூ’; டோபாலஜி சாக்கெட் 1, கோர் 4, திரெட் 2. ஏஎம்டி-யில் ‘டோபோஎக்ஸ்ட்’ என்ற ஃபீச்சரை ‘ரிக்வயர்’ என்று சேர்த்தால்தான் இரட்டைத் திரெட் விஷயம் கெஸ்டுக்குத் தெரியும். டோபாலஜியே எழுதாமல் விட்டால் பழைய மெஷின் வகைகள் 8 விசிபியுவை 8 சாக்கெட்டாகக் காட்டும். விண்டோஸ் 10 ஹோம் ஒரு சாக்கெட்டையும், ப்ரோ இரண்டு சாக்கெட்டையும் மட்டுமே ஏற்கும். எட்டு கொடுத்தும் டாஸ்க் மேனேஜரில் ஒன்றோ இரண்டோ தெரிந்தால் காரணம் இதுதான்.

‘பின்’ செய்வது விஎம்மை அந்தக் கோர்களில் கட்டிப்போடும். மற்ற வேலைகளை அங்கே வரவிடாமல் தடுக்காது. பின்னணியில் ஏதாவது கம்பைல் ஆகிக்கொண்டிருந்தால் மறுபடி ஜெர்க்தான். விஎம் ஓடும்போது மட்டும் ‘சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ராபர்ட்டி --ரன்டைம்’ வழியாக யூசர் ஸ்லைஸ், சிஸ்டம் ஸ்லைஸ், இனிட் ஸ்கோப் (லினக்ஸ் தன் மற்ற வேலைகளைப் பிரித்து வைக்கும் குழுக்கள்) மூன்றுக்கும் ‘அலவ்ட்சிபியுஸ்’ (முதல் ஏ-யும் ‘சிபியு’ மூன்றெழுத்தும் பெரிய எழுத்தில்) மதிப்பை 0-3,8-11 என்று வைத்து, விஎம் அணைந்ததும் 0-15-க்குத் திருப்பிவிடுங்கள்.

சிபியு கவர்னர் (ப்ராசஸர் வேகத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) ‘பவர்சேவ்’வில் இருந்தால் ‘பெர்ஃபார்மன்ஸ்’க்கு மாற்றுங்கள். அதன்பிறகு ஹியூஜ் பேஜ் (ரேமைப் பெரிய பக்கங்களாக ஒதுக்குவது): 16 ஜிபி-க்கு 2 எம்பி பக்கங்கள் 8192 வேண்டும். கணினி தொடங்கும்போதே ஒதுக்கிவிடுங்கள். நாள் முழுக்க ஓடிய கணினியில் ரேம் துண்டுதுண்டாகிக் கிடக்கும். 8192 கேட்டால் 5000-தான் கிடைத்தது என்று நிற்கும். இணையத்தில் பலரும் முதலில் ஹியூஜ் பேஜைத்தான் சொல்வார்கள். உங்கள் மாதிரியான நிலையில் ‘பின்’ செய்வது தரும் பலனில் அது சிறு பங்குதான் தரும் என்பது எங்கள் கருத்து.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், மாற்றத்துக்கு மூன்று ஓட்டம். சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்க்காமல் ‘1% லோ’ (மிக மெதுவான 1 சதவீத பிரேம்களின் எஃப்பிஎஸ்) என்று வரும் எண்ணையும் குறித்துவையுங்கள். ஜெர்க் சராசரியில் ஒளிந்துகொள்ளும், அதில் ஒளியாது. புதிய காட்சி ஏற்றப்படும்போது மட்டும் திக்கினால் அது டிஸ்க். விஎம் அமைப்பில் டிஸ்க் வகை ‘சாட்டா’ என்று இருப்பதை ‘விர்ட்ஐஓ’-வுக்கு (விஎம்களுக்கென்றே உள்ள வகை) மாற்றுங்கள். டிரைவரை விண்டோஸில் முன்கூட்டியே ஏற்றிவிட்டு மாற்றாவிட்டால் நீலத்திரைதான் மிஞ்சும்.

கேள்வி: பி450 சிப்செட் உள்ள மதர்போர்டு. ஹோஸ்டுக்கு ஒரு சின்ன கார்டு மேல் ஸ்லாட்டில், விஎம்முக்கான பெரிய கார்டு கீழ் ஸ்லாட்டில். ‘எல்எஸ்பிசிஐ’ (செருகிய கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை) பார்த்தால் ‘2.5ஜிடி/எஸ், டவுன்கிரேடட், எக்ஸ்4’ என்று வருகிறது. விஎம்முக்குள் வேறு ஏதோ எண் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: ஹோஸ்டை நம்புங்கள். விஎம்முக்குள் தெரியும் லிங்க் வேகம் கியூஇஎம்யு உருவாக்கிய பொய் ரூட் போர்ட்டினுடையது (கார்டு மாட்டியிருப்பதாக விஎம்முக்குக் காட்டும் இணைப்பு). கியூஇஎம்யு 4.0-க்கு முந்தைய மெஷின் வகைகளில் அது எக்ஸ்1 என்றும், பின்னர் வந்தவற்றில் எக்ஸ்32 என்றும் காட்டும். தரவு அந்த எண்ணின்படி ஓடுவதில்லை.

‘சூடோ எல்எஸ்பிசிஐ -விவி -எஸ் 01:00.0’ கொடுத்து (உங்கள் கார்டின் முகவரியைப் போடுங்கள்) இரண்டு வரிகளைத் தேடுங்கள். ‘எல்என்கேகேப்’ கார்டால் முடிந்தது. ‘எல்என்கேஸ்டா’ இப்போது கிடைத்திருப்பது. 2.5ஜிடி என்பதைக் கண்டு பதற வேண்டாம். வேலை இல்லாதபோது மின்சாரம் மிச்சம் பிடிக்க கார்டு தானே இறங்கும். விஎம்முக்குள் ஃபர்மார்க் போன்ற கார்டுச் சோதனை மென்பொருள் ஒன்றை ஓடவிட்டு, ஓடும்போதே ஹோஸ்டில் மறுபடி பாருங்கள். வேகம் ஏறிவிடும். ஆனால் எக்ஸ்4 (4 லேன், அதாவது 4 தரவுப் பாதை) என்பது ஓய்வால் வந்ததல்ல, அது கம்பியின் கணக்கு.

கீழ் ஸ்லாட் பார்வைக்கு எக்ஸ்16 நீளம் இருந்தாலும் பல பி450 போர்டுகளில் உள்ளே 4 லேன்தான்; அதுவும் சிப்செட் வழியாக, பிசிஐஇ 2.0 வேகத்தில். லேனுக்கு விநாடிக்கு 500 எம்பி என்று வைத்தால் மொத்தம் 2 ஜிபி. மேல் ஸ்லாட் நேராக ப்ராசஸரிலிருந்து வருகிறது: பிசிஐஇ 3.0, 16 லேன், விநாடிக்கு ஏறக்குறைய 15.75 ஜிபி. போதாக்குறைக்கு கீழ் ஸ்லாட் அந்த 2 ஜிபி-யைக் கடந்த பிறகு, யுஎஸ்பி, சாட்டா, நெட்வொர்க்கோடு ஒரே பாதையில் முட்டிமோத வேண்டும்.

தீர்வு, கார்டுகளை இடம் மாற்றுவது. மாற்றினால் ஒரு தலைவலி வரும்: கணினி தொடங்கும்போது பயாஸ் மேல் கார்டில்தான் படம் காட்டும், லினக்ஸும் அந்தத் திரை நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். விஎம் தொடங்கும்போது ‘டிமெசேஜ்’ஜில் (லினக்ஸ் கெர்னலின் பதிவுகளைக் காட்டும் கட்டளை; தட்ட வேண்டியது டி-எம்-ஈ-எஸ்-ஜி) ‘கான்ட் ரிசர்வ்’ என்ற வரி அடுக்கடுக்காக வந்தால் இதுதான். பயாஸில் முதன்மைத் திரையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் கீழ் ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் கெர்னல் வரியில் ‘இனிட்கால்_பிளாக்லிஸ்ட்=சிஸ்எஃப்பி_இனிட்’ சேருங்கள்; பழைய கெர்னல்களுக்கு ‘வீடியோ=ஈஎஃப்ஐஎஃப்பி:ஆஃப்’. இதைப் போட்டால் தொடக்க எழுத்துகள் திரையில் வராது, வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச்-இல் நுழைய வழி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ரேடியான் ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்தக் கார்டுகளுக்குள்ளேயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஜிபியு-வின் முகவரியில் பார்த்தால் கார்டுக்கு உள்ளே இருக்கும் லிங்க்தான் தெரியும், எப்போதும் எக்ஸ்16 என்று அழகாக இருக்கும். ‘எல்எஸ்பிசிஐ -டிவி’ மரத்தில் அதற்கு மேலே இருக்கும் அந்தச் சுவிட்சின் இரண்டு பிரிட்ஜில் மேலே உள்ளதன் (‘அப்ஸ்ட்ரீம் போர்ட்’) ‘எல்என்கேஸ்டா’வைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ரைசர் கேபிள் (கார்டை ஸ்லாட்டிலிருந்து தள்ளி மாட்ட உதவும் நீட்டிப்புக் கம்பி) போட்டிருப்பவர்கள் ‘டிமெசேஜ்’ஜில் ‘பிசிஐஇ பஸ் எரர், கரெக்டட்’ என்று தேடுங்கள். கொட்டிக் கிடந்தால், கேபிள் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. பயாஸில் ஸ்லாட்டை ஒரு தலைமுறை கீழே இறக்குங்கள்.

கேள்வி: ப்ராக்ஸ்மாக்ஸில் (விஎம்களை ஓட்டவென்றே உள்ள சர்வர் மென்பொருள்) விண்டோஸ் 10 ப்ரோ விஎம். கார்டு டிவைஸ் மேனேஜரில் பிழையில்லாமல் தெரிகிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து 3டி மாடலைச் சுற்றினால் ஆமை வேகம். ப்ராக்ஸ்மாக்ஸ் கன்சோலிலும் அப்படியே.

பதில்: கார்டைச் சோதிக்க இந்த இரண்டு ஜன்னலும் ஆகாது. கன்சோலில் தெரிவது ப்ராக்ஸ்மாக்ஸ் கொடுத்த பொய்த் திரை. உங்கள் கார்டின் படம் அங்கே வரவே வராது. விண்டோஸுக்கு இரண்டு திரை இருப்பதாகத் தோன்றுவதால், பொய்த் திரையை முதன்மையாக வைத்துக்கொண்டு அங்கேயே எல்லாவற்றையும் வரைய முயலும். ரிமோட் டெஸ்க்டாப் இயல்பாக 30 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் அனுப்பாது.

முதலில் ரிமோட் டெஸ்க்டாப்பைச் சீராக்குங்கள். குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், அதற்குள் ரிமோட் செஷன் என்விரான்மென்ட். அங்கே ‘யூஸ் ஹார்ட்வேர் கிராபிக்ஸ் அடாப்டர்ஸ்’ என்று தொடங்கும் அமைப்பை இயக்கி மறுதொடக்கம் செய்யுங்கள். 30 எஃப்பிஎஸ் தடையை நீக்க ரெஜிஸ்ட்ரியில் டெர்மினல் சர்வர், வின்ஸ்டேஷன்ஸ் கிளையில் ‘டிடபிள்யூஎம்ஃப்ரேம்இன்டர்வல்’ என்று ஒரு டிவேர்ட் (எண்ணை வைக்கும் பதிவு), மதிப்பு தசமத்தில் 15.

வடிவமைப்பு வேலைக்கு இது போதும். கேமுக்குப் போதாது. அதற்கு கார்டின் எச்டிஎம்ஐ துளையில் ஒரு டம்மி பிளக் செருகி (திரை மாட்டியிருப்பதாகக் கார்டை நம்பவைக்கும் சின்னக் குமிழ்), விஎம்மில் படத்தை அனுப்பும் சன்ஷைன், இந்தப் பக்கம் அதை வாங்கிக் காட்டும் மூன்லைட். படத்தைச் சுருக்கும் வேலையைக் கார்டே செய்துவிடும். அது ஓடுவது உறுதியான பிறகு ப்ராக்ஸ்மாக்ஸில் டிஸ்ப்ளேயை ‘நன்’ (எதுவுமில்லை) ஆக்குங்கள். முதலிலேயே ஆக்கிவிட்டால் ஏதாவது தவறும்போது உள்ளே எட்டிப்பார்க்க ஜன்னல் இருக்காது.

ஹோஸ்டும் விஎம்மும் ஒரே மேசையில் இருந்தால் லுக்கிங் கிளாஸ் என்ற மென்பொருள் இன்னும் நல்லது. நெட்வொர்க்கே இல்லாமல் பகிர்ந்த நினைவகம் வழியாகப் படம் வரும். நினைவக அளவுக் கணக்கு: அகலம் × உயரம் × 4 × 2 பைட், அதோடு 10 எம்பி, பிறகு இரண்டின் அடுத்த அடுக்கு. 1920 × 1080-க்கு 32 எம்பி, 3840 × 2160-க்கு 128 எம்பி.

கேள்வி: ஜிடிஎக்ஸ் 1060. எஃப்பிஎஸ் நன்றாகவே வருகிறது. ஆனால் டிவி-க்குப் போகும் எச்டிஎம்ஐ ஒலி கரகரக்கிறது, அந்த நேரம் படமும் ஒரு நொடி உறைகிறது.

பதில்: கார்டும் அதன் ஒலிப் பகுதியும் பழைய பாணி இன்டரப்டில் (சாதனம் ப்ராசஸரைக் கூப்பிடும் சமிக்ஞை) ஓடுகின்றன. ஹோஸ்டில் ‘ப்ராக்’ கோப்புறையின் ‘இன்டரப்ட்ஸ்’ கோப்பைத் திறந்து, ‘விஎஃப்ஐஓ’ என்று இருக்கும் வரிகளைப் பாருங்கள். ‘விஎஃப்ஐஓ-எம்எஸ்ஐ’ என்றால் புதிய பாணி, சரி. ‘விஎஃப்ஐஓ-இன்ட்எக்ஸ்’ என்றால் ஒவ்வொரு இன்டரப்டுக்கும் ஹோஸ்ட் அந்தக் கம்பியை அடைத்து, கெஸ்ட் வேலையை முடித்ததும் திறந்துவிட வேண்டும். ஒலிக்கு அந்தத் தாமதம் தாங்காது.

விண்டோஸ் பக்கமிருந்தும் பார்க்கலாம்: டிவைஸ் மேனேஜரில் வியூ, ‘ரிசோர்சஸ் பை டைப்’, ஐஆர்கியூ. எம்எஸ்ஐ-யில் இருக்கும் சாதனத்துக்கு மைனஸ் எண் இருக்கும். மாற்ற வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரியில் சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், ஈனூம் (ஈ-என்-யு-எம்), பிசிஐ. அங்கே கார்டின் கிளை, டிவைஸ் பாராமீட்டர்ஸ், இன்டரப்ட் மேனேஜ்மென்ட். அதற்குள் ‘மெசேஜ்சிக்னல்ட்இன்டரப்ட்ப்ராபர்ட்டீஸ்’ என்ற சாவியில் ‘எம்எஸ்ஐசப்போர்ட்டட்’ டிவேர்ட் 1. கார்டுக்கு ஒன்று, அதன் ஒலிப் பகுதிக்கு ஒன்று. கார்டுக்கு மட்டும் செய்துவிட்டு ஒலியை மறப்பதுதான் வழக்கமான தவறு. மாற்றும் முன் ஒரு ஸ்னாப்ஷாட். கார்டு டிரைவரைப் புதுப்பித்தால் பழையபடி திரும்பிவிடக்கூடும். ‘கரகரப்பு மறுபடி வந்துவிட்டது’ என்று எழுதுவதற்கு முன் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு வழிகாட்டியைப் பார்த்து கேவிஎம்மை (லினக்ஸில் விஎம்களை ஓட்டும் பகுதி) விண்டோஸுக்குத் தெரியாமல் மறைத்து, ‘ஹைப்பர்வைசர்’ ஃபீச்சரையும் அணைத்து, ‘என்பிடி=0’-வும் போட்டேன். பிழை 43 வரவில்லை. ஆனால் விஎம் மொத்தமும் மந்தம்.

பதில்: மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஜிஃபோர்ஸ் கார்டுகளில் பிழை 43-க்காக (விஎம்முக்குள் இருப்பதை அறிந்தால் டிரைவர் வேலை செய்ய மறுத்து இதைக் காட்டும்) மறைத்துத் திரிந்த காலம் 2021-இல் 465 வரிசை டிரைவரோடு முடிந்தது. ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) இருப்பதைச் சொல்லும் பிட்டை அணைத்தால் தான் விஎம்முக்குள் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் ஹைப்பர்-வி சலுகைகள் (விஎம்முக்குள் விண்டோஸ் வேகமாக ஓட உள்ள குறுக்குவழிகள்) எதையும் பயன்படுத்தாது. கடிகாரத்தைப் பார்ப்பதற்குக்கூட ஒவ்வொரு முறையும் ஹோஸ்டைத் தட்டியெழுப்பும். லிப்வர்ட்டில் ‘ரிலாக்ஸ்ட்’, ‘விஏபிஐசி’, ‘ஸ்பின்லாக்ஸ்’ 8191, ‘விபிஇன்டெக்ஸ்’, ‘சின்ஐசி’, ‘எஸ்டைமர்’ ஆகியவற்றை இயக்கி, டைமர் பகுதியில் ‘ஹைப்பர்விகிளாக்’ இருக்கட்டும், ‘எச்பிஇடி’ வேண்டாம்.

‘என்பிடி=0’ (விஎம்மின் நினைவக முகவரிகளை ஏஎம்டி ப்ராசஸரே மாற்றித்தரும் வசதியை அணைப்பது) இன்னும் பழைய கதை. ஏஎம்டி ப்ராசஸர்களில் கேவிஎம்மில் இருந்த ஒரு கோளாறால் பாஸ்த்ரூ கார்டு படுத்தது உண்மை. என்பிடி-யை அணைத்தால் கார்டு எழுந்தது, ப்ராசஸர் படுத்தது. அந்தக் கோளாறு 2017-இலேயே கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டுவிட்டது. இன்று அதைப் போட்டால் ப்ராசஸர் படுப்பது மட்டும்தான் மிச்சம். தேதி போடாத வழிகாட்டிகளை நம்பாதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் 10-இல் ஓடியதைவிட, அதே விஎம் விண்டோஸ் 11 புதிதாக நிறுவியதும் மெதுவாகிவிட்டது.

பதில்: ‘எம்எஸ்இன்ஃபோ32’ திறந்து கீழே ‘விர்ச்சுவலைசேஷன் பேஸ்ட் செக்யூரிட்டி’ வரியைப் பாருங்கள். ‘ரன்னிங்’ என்றிருந்தால் விஎம்முக்குள் இன்னொரு ஹைப்பர்வைசர் ஓடுகிறது. ‘ஹோஸ்ட்-பாஸ்த்ரூ’ ப்ராசஸரின் மெய்நிகர் வசதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதால் வந்த வினை. சிபியு பகுதியில் ஏஎம்டி என்றால் ‘எஸ்விஎம்’, இன்டெல் என்றால் ‘விஎம்எக்ஸ்’ ஃபீச்சரை ‘டிஸேபிள்’ ஆக்குங்கள். அது ஒரு பாதுகாப்பு வசதி என்பதையும் மறக்க வேண்டாம். கேமுக்கு மட்டுமான விஎம் என்றால் அணைக்கலாம். வங்கி வேலையும் அதிலேயே என்றால் அந்தச் சில எஃப்பிஎஸ்ஸை விட்டுக்கொடுங்கள்.

கேள்வி: கெஸ்டும் லினக்ஸ்தான். ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கார்டைக் காட்டுகிறது, ஆனால் 3டி எல்லாம் ப்ராசஸரைத்தான் தின்கிறது.

பதில்: ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி’ கொடுங்கள் (ஏ, பி, சி-யில் வரும் பி, பெரிய எழுத்தில்). ரெண்டரர் வரியில் ‘எல்எல்விஎம்பைப்’ என்றிருந்தால் கார்டு வரையவே இல்லை. உங்கள் டெஸ்க்டாப் ஸ்பைஸ் என்ற பொய்த் திரையில் ஓடுகிறது. விஎம்மிலிருந்து அந்த வீடியோ சாதனத்தை எடுத்துவிட்டு, திரையைக் கார்டில் மாட்டுங்கள்.

கேள்வி: இரண்டு ஜியான் ப்ராசஸர் உள்ள பழைய சர்வர். ஒரே மாதிரி இரண்டு விஎம், ஒரே மாதிரி இரண்டு கார்டு. ஒன்று பறக்கிறது, மற்றது தவழ்கிறது.

பதில்: தவழும் கார்டின் ஸ்லாட் ஒரு ப்ராசஸரிலும், அந்த விஎம்மின் கோர்களும் ரேமும் மற்றதிலும் இருக்கின்றன. கார்டுக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் இரண்டு ப்ராசஸருக்கும் நடுவே உள்ள பாலத்தைக் கடக்கிறது. ‘சிஸ், பஸ், பிசிஐ, டிவைசஸ்’ கோப்புறையில் கார்டின் முகவரிக்குள் ‘நியூமா_நோட்’ கோப்பைப் படியுங்கள்; கார்டு எந்த ப்ராசஸர் பக்கம் (நோட்) இருக்கிறது என்று அது சொல்லும். 1 என்று வந்தால், ‘எல்எஸ்சிபியு’ காட்டும் நோட் 1 சிபியுக்களில் மட்டும் விசிபியுக்களைப் பின் செய்து, ‘நியூமாடியூன்’ பகுதியில் மெமரி மோட் ‘ஸ்ட்ரிக்ட்’, நோட்செட் 1. ப்ராக்ஸ்மாக்ஸில் 7.3 முதல் விஎம் அமைப்பிலேயே ‘அஃபினிட்டி’ இருக்கிறது. ரேமும் அந்தப் பக்கம்தான் வந்ததா என்று ‘நியூமாஸ்டாட் -பி’ (ப்ராசஸின் முதல் எழுத்து) கொடுத்து, கியூஇஎம்யு-வின் ப்ராசஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நோட் 0 நிரலில் பெரிய எண் தெரிந்தால், விஎம்மை முழுதாக அணைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். உள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் பழைய ரேமையேதான் வைத்துக்கொள்ளும்.